பன்னிரண்டு மீட்டரில் ஒரு கேஷ்

“இன்னும் பன்னிரண்டே மீட்டர்!” என்றான் கஜேந்திரன், போனைப் பார்த்தபடி.

“அரை மணித்தியாலமா அதே பன்னிரண்டு மீட்டர்தானப்பா,” என்றாள் சுதர்சினி. ஞாயிறு காலை ஒன்பதரைக்கே கொழும்பு வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் மதிலோரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது.

எல்லாம் கஜேந்திரனின் ஒஃபிஸ் நண்பன் ஷிப்லி பழக்கிவிட்ட விளையாட்டு. முகம் தெரியாத யாரோ ஒரு சின்னப் பெட்டியை வெளியில் எங்காவது ஒளித்து வைப்பார். போன் வழி காட்டும். தேடிப் பிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்தால் ஒரு சாமானை வைக்க வேண்டும். அந்தப் பெட்டிக்குப் பெயர் கேஷ்.

“கேஷ் எண்டவுடன காசு சல்லியாக்கும் எண்டு நினைச்சுத்தான் நானும் முதல் நாள் வெளிக்கிட்டனான்,” என்று சுதர்சினி இன்னும் குத்திக் காட்டுவாள்.

மகள் சஷ்மி எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாளே, குடும்பமாக வெளியில் போவோம் என்று தொடங்கியது. முதல் ஞாயிறு கொச்சிக்கடையில் போன் சார்ஜ் செத்துப்போனது. போன ஞாயிறு கல்கிசையில் இரண்டு மணித்தியாலம் தேடி, எறும்புக்கடிதான் மிச்சம். பெட்டிக்குள் வைப்பதற்கென்று எட்டு வயது சஷ்மி ஒரு யானை ரப்பரை மூன்று வாரமாகப் பொக்கற்றில் கொண்டு திரிகிறாள்.

சுதர்சினியின் பொறுமை போய்விட்டது. “இஞ்ச பாருங்கோ, இண்டைக்கும் கேஷ் கிடைக்காட்டி, வாற ஞாயிறிலயிருந்து இவள் கணக்கு கிளாஸுக்குத்தான் போறாள். சொல்லிப்போட்டன்!”

அவ்வளவுதான். சஷ்மி வாய்விட்டு அழத் தொடங்கினாள். “கேஷ்... கிளாஸ்... கேஷ்...” இந்த இரண்டு சொல்லைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை.

அந்தப் பக்கம் வீதி கூட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மா விளக்குமாற்றை நிறுத்திவிட்டு இவர்களையே பார்த்தாள். அவள் கன்னத்துக்குள் வெற்றிலை அதக்கியிருந்தது.

“என்னாத்த ஐயா தேடுறீங்க?”

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை.” வெளியாட்களுக்குச் சொல்லக்கூடாது என்பது ஷிப்லி சொன்ன சட்டம்.

பேச்சியம்மா போகவில்லை. கூட்டுவது போல் கிட்டக் கிட்ட வந்தாள்.

“குப்பையோட குப்பையா இவதான் தூக்கியிருப்பா. முழியைப் பாரும்!” என்று மனைவியிடம் முணுமுணுத்தான் கஜேந்திரன்.

“சும்மா இருங்கோ.”

அவன் சும்மா இருக்கவில்லை. “அம்மா, இந்த மதிலடியில இருந்த கேஷை நீங்களோ எடுத்தனீங்கள்?”

பேச்சியம்மாவின் முகம் கறுத்துப்போனது. “கேஷா? நான் ஒண்ணையும் தொடலைங்க ஐயா.”

“எடுத்திருந்தால் தந்திடுங்கோ. பிள்ளை அழுறது உங்களுக்குத் தெரியேல்லையோ?”

பேச்சியம்மா சஷ்மியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு மதிலோரமாகக் கூட்டிக்கொண்டே போனாள். வெள்ளையடித்த ஒரு கல்லருகே குனிந்து நிமிர்ந்தாள்.

“பாத்தீரே, நைசா நழுவுறா,” என்றான் கஜேந்திரன். அவனுக்குத் தான் ஏதோ துப்பறிந்துவிட்ட நினைப்பு.

கொஞ்சத் தூரம் போன பேச்சியம்மா திரும்பிக் கூப்பிட்டாள். “பாப்பா, அந்த வெள்ளக் கல்லுக்கு அடியில பாத்தியா?”

சஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். கல்லைப் புரட்டினாள்.

பெட்டி இல்லை. எட்டாக மடித்த ஆயிரம் ரூபா நோட்டு ஒன்று இருந்தது.

“இது என்னப்பா? பெட்டி எங்க?” என்றாள் சஷ்மி.

சுதர்சினி நோட்டை வாங்கி விரித்தாள். வெற்றிலை மணம் குப்பென்று அடித்தது. அவள் முகம் மாறிவிட்டது.

“என்ன வேலையப்பா செய்து வைச்சிருக்கிறீங்கள்! நீங்கள் பெட்டியைக் கேக்க, அவ சல்லியெண்டெல்லோ நினைச்சிட்டா! கள்ளியாக்கிப்போடுவீங்கள் எண்ட பயத்தில தன்ர சல்லியை வைச்சிட்டுப் போறா. உங்கட விளையாட்டும் நீங்களும்!”

கஜேந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நோட்டைப் பறித்துக்கொண்டு ஓடினான். சஷ்மியும் பின்னாலேயே ஓடினாள்.

“அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கட சல்லி ஒண்டும் துலையேல்லை. இது உங்கடதானே? பிடியுங்கோ. நான் கதைச்ச கதைக்குப் பயந்துபோய்...”

“பயந்து வைக்கலைங்க ஐயா. எடுக்காதவளுக்கு என்னா பயம்?”

“பிறகு ஏன்?”

பேச்சியம்மா சஷ்மியின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டாள்.

“கேஷ் தொலைஞ்சிருச்சு, கிளாஸ் போச்சுன்னுதானே பாப்பா அழுதிச்சு? எம் மகளும் கிளாஸுக்குக் கட்டக் கேஷ் இல்லாம இப்படித்தாங்க அழுதா. நானும் தெருத் தெருவாக் கூட்டுனேன். அன்னைக்கி எந்தக் கல்லுக்கு அடியிலயும் ஒண்ணும் கெடக்கல.”