பேட்டரியாருக்கு ஓர் உதவியாள்

ஒரு காரில் ஒரு பேட்டரியார் இருந்தார். வயதாகிவிட்டது. காலையில் வண்டியைக் கிளப்புவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"துணைக்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முடியாத அன்றைக்கு அது மின்சாரம் கொடுத்துத் தூக்கிவிட்டால், நீங்களும் இன்னும் கொஞ்ச காலம் இங்கேயே இருக்கலாம். ஆளை நீங்களே பாருங்கள்," என்றது கார்.

இரண்டு பேர் வந்தார்கள். முதல் ஆள் செங்கல் கனம். "டீசல் வண்டியையே ஒரே மூச்சில் கிளப்பிவிடுவேன் ஐயா," என்றது.

பேட்டரியார் அதை மேலும் கீழும் பார்த்தார். இவன் வந்துவிட்டால் அப்புறம் நம்மை யார் மதிப்பார்கள்?

"கெட்டிக்காரன்தான். பணிவுதான் போதாது," என்று அனுப்பிவிட்டார்.

அடுத்தது சோப்புப் பெட்டி அளவுதான் இருந்தது. "எனக்கு ஸ்கூட்டர்தான் பழக்கம் ஐயா. கார் என்றால் சந்தேகம்தான்."

"அதனாலென்ன? தங்கமான குணம்," என்று அதை டிக்கியில் உட்கார வைத்தார்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் பேட்டரியார் படுத்துவிட்டார். சின்னது முக்கி முனகிப் பார்த்தது. எஞ்சின் ஒருமுறை இருமியதோடு சரி. பொறுத்துப் பார்த்த கார், புது பேட்டரியை வரவழைத்துவிட்டது.

கழற்றி ஓரமாக வைக்கப்பட்ட பழையவரின் காதில் புதியவரின் முதல் கேள்வி விழுந்தது.

"டிக்கியில் யாரப்பா? உனக்கு எவ்வளவு பலம்?"

"ஸ்கூட்டர் வரைக்கும்தான் ஐயா."

"ரொம்ப நல்லது. நீயே இரு."

பழையவருக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் கிடந்த தேய்ந்த டயரிடம் சொன்னார்: "நான் பொறுக்கியெடுத்த ஆளாயிற்றே."