பழைய டேக்

"இதுல ஒரு உசுரும் இல்ல மக்கா. பழைய டேக்கையே தா," என்றான் ரதீஷ்.

அபினேஷ் லேப்டாப்பில் ஓடிய புதிய பதிவை நிறுத்தினான். அன்றும் ஆறு மணிக்கு எழுந்திருந்தான். முற்றம் பெருக்கினான். பல் தேய்த்தான். படுக்கையறையில் கட்டிலுக்கு எதிரே இருந்த கிட்டார் ஆம்ப் ஒலிபெருக்கியின் முன்னால் மைக்கை நிறுத்தினான். வயரைக் கதவுக்கு அடியில் இழுத்துக் கதவைச் சாத்திவிட்டு, கூடத்தில் உட்கார்ந்து வாசித்தான். ஹெட்போனில் பாடகர் குழுவின் பாட்டு மட்டும் ஓடும். அறைக்குள் ஆம்ப்பில் வரும் கிட்டாரை மைக் பிடித்துக்கொள்ளும்.

ஒன்பதாவது நாளாக வாசிக்கிறான். மனைவி பிரீனா இறந்து மூன்று மாதம். ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகையில் சபைப் பாட்டு வெளியாக வேண்டும். குழித்துறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரதீஷ், பொறுமை போய், கிளம்பி வந்துவிட்டான்.

"பழையதுல சத்தம் விழுந்திருக்கு. தர முடியாது."

"என்ன சத்தம்? பட்டி குரைச்சுதா, மீன்காரன் ஹாரன் அடிச்சானா?"

"என்னமோ ஒண்ணு. நடுவுல, பாட்டுக்காரங்க மட்டும் பாடுற இடத்துல."

ரதீஷ் சிரித்தான். "அங்க ஒனக்கு கிட்டாரே கிடையாதுலே. அந்தத் துண்ட வெட்டிப் போட்டா முடிஞ்சு. இதுக்கா என்னைய இழுத்தடிக்க?"

"வெட்டாண்டாம்."

"அப்ப அப்படியே சபையில போடட்டா?"

"புதுசா வாசிச்சுத் தாறேன்னு சொன்னேன்லா."

ரதீஷின் குரல் தணிந்தது. "கோவப்படாத மக்கா. அது அவ இருக்கும்போ வாசிச்சது. அந்தக் கை இப்ப வராது. படுத்த இடத்துல ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளே."

அடக்கத்தன்று எல்லாரிடமும் அபினேஷ் அப்படித்தான் சொல்லியிருந்தான்.

"கட்டன்சாயா போடுகேன்," என்று அடுக்களைக்குப் போனான்.

இரண்டு கிளாஸ்களோடு திரும்பியபோது ரதீஷ் காதில் ஹெட்போன் இருந்தது. லேப்டாப்பில் பழைய டேக் ஓடிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தி, ஹெட்போனைக் கழற்றினான்.

"இது அன்னைக்கி காலையிலயா?"

"ஆமா."

"ஒனக்குக் கேக்கலியா?"

"எனக்குப் பாட்டு மட்டுந்தான் கேட்டுது. அவ அடுக்களையில நிக்கான்னு நெனச்சேன். ஆம்ப் இருக்க ரூம்ல போய்ப் படுத்தது தெரியாது. அடக்கம் முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சுத்தான் இதப் போட்டுக் கேட்டேன்."

ரதீஷ் கிளாஸை வாங்கவில்லை. அபினேஷ் மேசைமேல் வைத்தான்.

ஆம்ப் மறுபடி அலறுவதற்கு முன்னால், கிட்டார் இல்லாத அந்த இருபது வினாடியில், வாசிப்பு முடிந்துவிட்டதென்று நினைத்து, பிரீனா மெதுவாகக் கேட்டிருந்தாள்: "முடிஞ்சிட்டா? கொஞ்சம் இஞ்ச வருவியளா, நெஞ்சு என்னமோ அடைக்கு."