பக்கத்துக் கட்டில்

"எனக்கு இங்க உயிர் போகுது. நீ அங்குட்டு நின்னு கதை பேசிக்கிட்டு இருக்கே!"

பாத்ரூமிலிருந்து வெளியே வந்த அருள்பிரகாசம் சார் சத்தம் போட்டார். விடிந்ததும் காரைக்குடி ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்ததிலிருந்து எத்தனை தடவை பாத்ரூம் போய் வந்தார் என்பது அவருக்கே தெரியாது.

பக்கத்துக் கட்டில்காரரிடம் குனிந்து மெல்லப் பேசிக்கொண்டிருந்த அவர் மனைவி பவுலின் நிமிர்ந்தாள்.

"சும்மா எந்த ஊருன்னு விசாரிச்சேங்க. கல்லலாம். பேரு குழந்தைவேலாம்."

"கட்டுன புருசன் ஆபரேஷனுக்குப் போகப் போறான். உனக்குக் கல்லல்காரரு பேரு ரொம்ப முக்கியமாப் போச்சு!"

அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாள்கூட பவுலினை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். போன மாதமே முடிந்திருக்க வேண்டியது. தியேட்டர் வாசல் வரை போய், பயத்தில் பி.பி. கன்னாபின்னாவென்று ஏறி, திருப்பி அனுப்பிவிட்டார்கள். "இனியும் தள்ளிப்போடக் கூடாதும்மா. குடல் சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் பவுலினைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

இன்றைக்கும் பி.பி. அதே உச்சாணிக் கொம்பில்தான் இருந்தது. "கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பார்ப்போம். அப்பவும் குறையலேன்னா வீட்டுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள் நர்ஸ்.

"ஏங்க இம்புட்டுப் பயப்படுறீக? ஊசி குத்துற நேரம்தான். கண்ண மூடித் தொறந்தா முடிஞ்சு போயிரும்" என்றாள் பவுலின்.

"அடியே, அதெல்லாம் நான் அடுத்தவுகளுக்குச் சொல்றது!"

உண்மைதான். தேவாலயப் பங்கில் நோயாளர் சந்திப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெபமாலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகக் கிளம்பிவிடுவார். கட்டில் கட்டிலாக நின்று இதே வார்த்தைகளைச் சொல்லி எத்தனையோ பேரைச் சிரித்த முகமாகத் தியேட்டருக்குள் அனுப்பியிருக்கிறார். அந்த வாய்தான் இப்போது உலர்ந்துபோய்க் கிடந்தது.

"ஐயோ... எனக்குப் பயமா இருக்கே! என்னைய வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிருங்களேன்!"

அலறியது பக்கத்துக் கட்டில். குழந்தைவேலு கழுத்து வரை போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, முறுக்கு மீசை நனைய நனைய அழுதார்.

"மீசையப் பாரு, அழுகையப் பாரு" என்று பல்லைக் கடித்தார் சார். "பவுலின், இம்புட்டு நேரம் ஊர்க்கதை பேசுனியே, போய் ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்றதுதானே?"

"எனக்கு என்னங்க தெரியும்? அதெல்லாம் உங்க வேலையில்ல?"

அழுகை கூடிக்கொண்டே போனது. சாரால் எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்க முடியும்? கட்டிலை விட்டு இறங்கினார். ஸ்டூலை இழுத்துப் போட்டுக் குழந்தைவேலுவின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"என்னண்ணே ஆபரேஷன்?"

"குடலிறக்கந்தான் சார். உள்ள போனா திரும்பி வருவேனா?"

"அட, எனக்கும் அதேதான்! என்னையப் பாருங்க, நான் பயந்தா கிடக்கேன்?"

பவுலின் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கத்தி வப்பாகளே சார்!"

"வச்சா என்னண்ணே? மரத்துப்போன எடத்துல வலி எப்படித் தெரியும்? ஊசி குத்துற நேரம்தான். கண்ண மூடித் தொறந்தா முடிஞ்சு போயிரும்."

"மறுபடி முழிப்பு வரலேன்னா?"

"அது எங்க போகப் போகுது? அடுத்த வாரம் நீங்க கல்லல்ல வயக்காட்டைச் சுத்தி வரலேன்னா என்னைய ஏன்னு கேளுங்க."

சாரின் குரல் கணீரென்று வந்துவிட்டது. முதுகு நிமிர்ந்துவிட்டது. குழந்தைவேலுவின் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்குப்பை ஊரில் ஒருத்தர் ஆபரேஷனுக்குப் பிறகு மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிய கதையைச் சொல்லத் தொடங்கினார். அவர் விம்ம விம்ம, இவர் கதைமேல் கதையாக எடுத்துவிட்டார்.

நர்ஸ் வந்தாள். சார் பேச்சை நிறுத்தாமல் ஒரு கையை மட்டும் அவளிடம் நீட்டினார். அவள் மெஷினைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு தடவை காற்றடித்துப் பார்த்தாள்.

"சார், பி.பி. நார்மல்! வாங்க, தியேட்டருக்குப் போகலாம்."

"அதுக்குள்ளயா? இவருக்கு இன்னும் சரியாத் தைரியம் வரலையேம்மா..."

மனசில்லாமல்தான் எழுந்தார். சக்கர நாற்காலி வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தார்.

"பவுலின், அண்ணனைக் கொஞ்சம் பாத்துக்க. பாவம், நம்மள மாதிரி மனத்தைரியம் எல்லாருக்கும் வந்துருமா?"

"பாத்துக்கிறேங்க. நல்லபடியாப் போயிட்டு வாங்க."

நாற்காலி வராண்டாவில் உருண்டு மறைந்தது. தியேட்டர் கதவு மூடுகிற சத்தம் கேட்டது.

காலையிலிருந்து கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த பவுலின் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். குழந்தைவேலுவை நோக்கிக் கும்பிட்டாள்.

"நீங்க நல்லா இருக்கணும்ணே. அடுத்தவுக கட்டில் பக்கத்துல உக்காந்தாத்தான் அவுகளுக்குத் தைரியமே வரும்."

குழந்தைவேலு போர்வையை விலக்கி, வயிற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உட்கார்ந்தார்.

"அது சரி தங்கச்சி, முந்தாநா எனக்கு ஆபரேஷன் நடந்தப்பகூட நான் இம்புட்டு அழுகல. தையலு விண்ணு விண்ணுங்குது!"