அட்டை விசிறி

"திருடன்! என் கார் ஏசி கம்ப்ரஸரைக் கழட்டி வித்துட்டுப் பழசை மாட்டியிருக்கான். நீ பார்த்துச் சொல்லு, இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

என் மெக்கானிக் பட்டறைக்குள் காலை வைக்கும்போதே நர்சுல்லா தோம்லா கத்தினார். தெர்மிஸ் சாலையில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவர்தான் தலைமையாசிரியர். ஒன்பதாவது வரை எனக்கும் தோம்லா, அதாவது வாத்தியார். அதற்குமேல் எனக்கும் பொறுமை இல்லை, அவருக்கும் இல்லை.

திருடன் என்றது அவருடைய டிரைவர் எஷ்முராத் அண்ணனை. தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு பின்னால் நின்றார். ஐந்து பிள்ளைக்காரர்.

மே மாதம்தான். அதற்குள் நாற்பத்தொரு டிகிரி.

"போன வருஷம் பனிக்கட்டியாட்டம் வந்துச்சுடா மர்தான். நேத்து இந்த வருஷத்துக்கு மொதமொதல்ல போட்டா, தந்தூர் அடுப்பைத் தொறந்த மாதிரி மூஞ்சியில அடிக்குது. இவனைத் தவிர வேற யாரு என் காரைத் தொட்டா?"

"ஆண்டவன் மேல ஆணையா நான் எதையும் கழட்டலைங்க."

"ஆண்டவனை எதுக்குடா இழுக்கறே? அவரா ஸ்பானர் பிடிச்சாரு?"

அண்ணன் வாயை மூடிக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். பேசாமல் நிற்கிறவன்தான் குற்றவாளி. நான் பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது.

பானெட்டைத் திறந்தேன். போல்ட்டில் கம்பெனி வைத்த பெயின்ட் குறிகூடக் கலையவில்லை.

"இது உங்க கம்ப்ரஸர்தான் தோம்லா."

"அப்ப கேஸைத் திருடியிருப்பான்!"

மீட்டரை மாட்டினேன். முள் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஏறி நின்றது.

"கேஸ் நிறைய இருக்கு. சூடுதான் வெளியே போக மாட்டேங்குது."

"எதையாவது திருடியிருப்பான். நல்லாப் பாரு."

கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். கிழித்துக்கொண்டே கேட்டேன்:

"முதல் வகுப்புக்கு ஏசி வரும்னீங்களே தோம்லா? நேத்தும் என் தம்பிக்கு மூக்குல ரத்தம்."

பெருமூச்சு விட்டார். "மாவட்ட ஆபீஸ்ல இன்னும் அனுப்பலைப்பா. எழுதி எழுதி என் விரல் தேஞ்சதுதான் மிச்சம். ஆளுக்கொரு அட்டை விசிறி குடுத்து அனுப்புங்கன்னு உங்கம்மாகிட்டகூடச் சொன்னேனே. நாங்கல்லாம் ஏசியிலயா படிச்சோம்? குழந்தைங்க கஷ்டம் தெரிஞ்சு வளரணும்."

சொல்லிக்கொண்டே கழுத்து வியர்வையை வழித்து உதறினார்.

இன்ஜின் ஓட, தாளைக் காரின் முன்வலைமேல் வைத்தேன். உள்ளே ஃபேன் சுற்றுகிறது, தாளை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். தாள் கீழே விழுந்தது.

முன்வலையைக் கழற்றினேன். உள்ளே, காற்று புக இடமே விடாமல், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓர் அட்டை.

எஷ்முராத் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடக் கடவுளே! இன்ஜின் குளிரக் கூடாதுன்னு டிசம்பர்ல நான்தான் வச்சேன். எல்லாரும் வைக்கறதுதானே. மார்ச்ல நவ்ரோஸ் பண்டிகைக்கு எடுக்கணும்னு நினைச்சேன், மறந்தே போச்சுங்க!"

தோம்லா வயிறு குலுங்கச் சிரித்தார். "மடையா! மே மாசத்துல காருக்குக் கம்பளி போர்த்தி ஓட்டியிருக்கே! ஏதுடா இவ்வளவு பெரிய அட்டை?"

"உங்க வீட்டுக் கொல்லையில கிடந்ததுங்க."

தோம்லா அட்டையைச் செருப்பு நுனியால் புரட்டினார். சிரிப்பு நின்றது.

"சரி, விடு. மறதி மனுஷனுக்கு சகஜம்தானே. எஷ்முராத், நீ போய் வண்டியில உக்காருப்பா. பாவம், எவ்வளவு நேரம்தான் வெயில்ல நிப்பே?"

அரை நிமிஷத்தில் திருடன் பாவமாகிவிட்டார்.

தோம்லாவும் ஏறினார். இப்போது காற்று பனிக்கட்டியாட்டம் வந்தது. உடனே துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டார். குளிர்காற்று பட்டால் பிடரி பிடித்துக்கொள்ளுமாம்.

கார் நகரும்போது கண்ணாடி ஒரு விரற்கடை இறங்கியது.

"மர்தான், அந்தக் குப்பையைப் பக்கத்துக் கடை ரொட்டித் தந்தூர்ல போட்டு எரிச்சுடு. இப்பவே. நின்னு படிச்சுக்கிட்டிருக்காதே. உனக்குத்தான் படிப்பு ஏறாதே!"

"சரிங்க தோம்லா."

எரிக்கவில்லை. கத்தரியை எடுத்து, தம்பி நாளைக்குப் பள்ளிக்குக் கொண்டுபோக நல்ல பெரிய விசிறியாக வெட்டினேன். அட்டைமேல் ஒட்டியிருந்த விலாசச் சீட்டில் மட்டும் கத்தரி படாமல் பார்த்துக்கொண்டேன்:

'குளிர்சாதனம் - 1. பெறுநர்: தலைமையாசிரியர். முதல் வகுப்பு அறைக்கு.'