எங்கே நிற்கிறீர்கள்?

ஞாபகங்களைத் தொலைவில் இருக்கும் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்குப் போனில் வழி சொல்வதுதான் ஜெசிந்தாவின் வேலை. அன்று அழைத்த மங்கையர்க்கரசிக்கு, கணவரோடு போட்ட சண்டைகளை மட்டும் அழிக்க வேண்டியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கிற ஃபோல்டரைத் திறங்க மேடம். அதுக்குள்ள 'சண்டை'ன்னு இன்னொரு ஃபோல்டர் இருக்கும். அதுக்குள்ள போன பிறகுதான் 'எல்லாத்தையும் அழி'ன்னு கொடுக்கணும்."

"சரிம்மா."

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"சமையல்கட்டுலதான். அழின்னு கொடுத்துட்டேன்."

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். அந்த அம்மாள் 'சண்டை'க்குள் போகவே இல்லை. கணவரின் ஃபோல்டர் முழுவதும் காலியாகியிருந்தது. இப்படி நடப்பது இது முதல் தடவை இல்லை. ஜெசிந்தா பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"மெதுவா பேசும்மா." அந்த அம்மாளின் குரல் தாழ்ந்திருந்தது. "யாரோ ஒரு ஆளு சாவி போட்டுக் கதவைத் திறந்து உள்ள வந்துட்டாரு. கையில பரோட்டா பார்சல் வச்சிருக்காரு. 'இன்னும் கோவமா, அரசி?'ன்னு கேக்குறாரு. யாரும்மா இவரு?"

எந்த அழைப்பையும் முடிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வியை ஜெசிந்தா கேட்டாள்.

"வேற ஏதாவது உதவி வேணுமா, மேடம்?"