மஞ்சள் ஸ்கூட்டர்

“பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரியைத் தாண்டி ஏன் போனேன்னுதானே கேக்க வந்திருக்கீங்க? கேளுங்க மேடம், கேளுங்க. ஆளாளுக்குக் கேட்டாச்சு, நீங்க மட்டும் ஏன் பாக்கி இருக்கணும்?”

ஆம்புலன்ஸ் டிரைவர் ஸ்ட்ரெச்சரைக் கழுவுவதை நிறுத்தவில்லை. அடிபட்டவர்கள் சாலையிலிருந்து ஆபரேஷன் மேசைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது, அதில் எந்த நேரம் வீணாகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இளம் டாக்டர், ஷெட் ஓரத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் படிவம். அதில் இருபத்திரண்டு கேள்விகள். அவர் எரிச்சலோடு சொன்னது பதினான்காவது.

“கேக்கத்தான் வந்தேன் அண்ணே. ஆனா திட்ட வரல.”

“அதுவே பெரிசு.” குழாயை மூடிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தார். “திங்கட்கிழமை விசாரணை. பக்கத்து ஆஸ்பத்திரிக்குத்தான் முதல்ல போகணும்ங்கிறது ரூல். மீறினதுக்கு என் சீட்டைக் கிழிக்கப் பார்க்கிறாங்க. உங்க அறிக்கையையும் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவாங்களாம். இருபத்தாறு வருஷ சர்வீஸ் மேடம். பொண்ணு படிப்பு இன்னும் முடியல. வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு வண்டி ஓட்டறேன்.”

“அன்னைக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க.”

“மத்தியானம் ரெண்டே கால். சாரத்துலேர்ந்து ஒரு பெயின்டர் விழுந்துட்டான். சின்ன வயசுதான். கம்பி குத்தித் தொடையைக் கிழிச்சிருக்கு, ரத்தம் நிக்கவே இல்ல. துணியை வச்சு இறுக்கிக் கட்டி ஏத்தினோம். ஆறே நிமிஷத்துல அந்த ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்துட்டேன். எட்டிப் பார்த்தேன், டாக்டர் இல்ல. அப்புறம் என்ன, மிதிச்சேன் பாருங்க ஒரு மிதி! முப்பத்திரண்டு நிமிஷம். பெரிய ஆஸ்பத்திரிலதான் பிரேக் போட்டேன்.”

“உள்ளயே போகல. டாக்டர் இல்லன்னு எப்படித் தெரிஞ்சுது?”

டிரைவருக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. தொழில் ரகசியத்தைச் சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

“ஸ்கூட்டர் மேடம். புதுசா வந்த லேடி டாக்டர் ஒரு மஞ்சள் ஸ்கூட்டர் வச்சிருக்காங்க. ஸ்டாண்டுல முதல் வண்டி அதுதான். அது நின்னா டாக்டர் உள்ள இருக்காங்க. இல்லன்னா இல்ல. அந்த டாக்டர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்ல, வண்டியைத்தான் தெரியும். இந்தப் பக்கம் ஓட்டற எங்க ஆளுங்க எல்லாருக்கும் அதுதான் அடையாளம்.”

“போன் பண்ணிக் கேக்கலாமே?”

“கேட்டா, ‘டாக்டர் இருக்காங்க, வாங்க’ன்னுதான் சொல்வாங்க. ரெஜிஸ்டர்லயும் கையெழுத்து இருக்கும். நாற்காலியிலதான் ஆள் இருக்காது.” அவருடைய சிரிப்பு போய்விட்டது. “இவங்களுக்கு முன்னாடி ஒரு டாக்டர் இருந்தாரு. அப்ப பஸ் மோதின ஒரு அம்மாவைக் கொண்டு போனேன். இதோ வராரு, இதோ வராருன்னு வராந்தாவுலயே இருபது நிமிஷம். என் கையைப் பிடிச்சுக்கிட்டே போயிட்டாங்க மேடம். அன்னைக்கே டிரைவருங்க எல்லாரும் சேர்ந்து பேசி வச்சோம், ஸ்டாண்டைப் பார்க்காம அந்த வாசல்ல வண்டியைத் திருப்பக் கூடாதுன்னு.”

டாக்டர் எதையும் எழுதவில்லை. பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

“பெயின்டர் இப்ப எப்படி இருக்கார்?”

“உயிர் தப்பிச்சுது. கால்தான்…” முழங்காலுக்கு மேலே கையால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காலையும் காப்பாத்தியிருக்கலாம்னாங்க. வழியெல்லாம் ‘அண்ணே, பக்கத்துல ஆஸ்பத்திரியே இல்லியா?’ன்னு கேட்டுக்கிட்டே வந்தான். இப்ப போய்ப் பார்த்தா, ‘நீங்க இல்லன்னா நான் இல்ல’ன்னு கும்பிடறான். எனக்குத்தான் படுத்தா தூக்கம் வரல. ஒருவேளை அந்த டாக்டரம்மா உள்ள இருந்திருந்தா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க மேடம். நான் செஞ்சது தப்பா?”

அவள் பேனாவை மூடிப் படிவத்தின் மேல் வைத்தாள்.

“உங்க சீட்டுல நான் உட்கார்ந்திருந்தா, நானும் வண்டியைத் திருப்பியிருக்க மாட்டேன் அண்ணே. அதை நினைச்சு நினைச்சு உடம்பைக் கெடுத்துக்காதீங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, “இருங்க, டீ சொல்லிட்டு வரேன்” என்று எழுந்து வெளியே போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் அவள் பதினான்காவது கேள்விக்குக் கீழே எழுதி முடித்திருந்தாள்: ‘டிரைவர் மீது தவறில்லை. டாக்டர் உள்ளே இருக்கிறாரா என்று சாலையிலிருந்து தெரிந்துகொள்ள அந்த ஆஸ்பத்திரியில் எந்த வழியும் இல்லை. வாசலில் உடனடியாக ஒரு பச்சை விளக்கு வைக்க வேண்டும். டாக்டர் இருக்கும்போது மட்டும் அது எரிய வேண்டும்.’

டீயைக் குடித்துவிட்டு அவள் கிளம்பியபோது, டிரைவர் வாசல்வரை கூடவே வந்தார். பழக்கதோஷம், இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார்.

“எதுல வந்தீங்க மேடம்? வண்டி எதையும் காணோமே!”

“பஸ்லதான் அண்ணே” என்றாள்.

பெயின்டர் விழுந்த அன்றும் அவள் பஸ்ஸில்தான் வேலைக்கு வந்திருந்தாள்; மஞ்சள் ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் நின்றது. சைரன் சத்தம் கேட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வந்தவளுக்கு, நிற்காமல் பறந்த அந்த ஆம்புலன்ஸின் பின்கதவைத்தான் பார்க்க முடிந்தது.