இடுப்பில் கட்டிய மீன்பை

ஈட்டியால் மீன் குத்தும் மிக்கேல் கடலிலிருந்து படகில் ஏறியதும், அவர் காலில் கட்டியிருந்த கத்தி துள்ளியது.

"பாத்தியா, பாத்தியா! ஒரே குத்து, சுறா செத்துப்போச்சு! நான் மட்டும் இல்லன்னா இவரு உயிரு போயிருக்கும்!"

"அது இவரு மேல பாயல, என் மேல பாஞ்சுது," என்றது இடுப்பில் கட்டியிருந்த மீன்பை. அதிலிருந்து இன்னும் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "மீன் வாசனைக்குத்தான் வந்துச்சு. முடிச்ச அவுத்து விட்டிருந்தா என்னைக் கவ்விக்கிட்டுப் போயிருக்கும்."

"பாவம், அந்த அவசரத்துல இவருக்கு அது தோணியிருக்காது."

"தோணுச்சே! கை முதல்ல என் முடிச்சுக்குத்தான் வந்துச்சு. எவ்வளவு கனம்னு தூக்கிப் பாத்தாரு. அப்புறம்தான் உன்னை உருவுனாரு."